பாசிக்குப் பாசியே பகை!

சென்னைக்குப் போனால் மெரினா கடற்கரையையும் தி. நகர் ஜவுளிக் கடைகளையும் பார்த்துவிட்டு ரயிலேறி விடுவது நம் வழக்கம். வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் இன்னொன்று உண்டு. வட சென்னையில் இருக்கும் கொளத்தூர்தான் அது. சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்க வேண்டும். நேரமிருந்தால் அங்கே சௌம்ய தாமோதரப் பெருமாளைச் சேவித்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தால், கொஞ்ச நேரத்தில் கொளத்தூர் வந்துவிடும்.

அந்தத் தெருக்களில் கால் வைத்ததுமே வித்தியாசம் தெரிந்துவிடும். நம் ஊரில் பூக்கடை வரிசை இருப்பது போல அங்கே மீன் கடை வரிசை. குழம்புக்கு மீனல்ல, கண்ணுக்கு மீன்! பாலிதீன் பைகளில் தண்ணீரும் ஆக்ஸிஜனும் நிரப்பி, வாயை ரப்பர் பாண்டால் இறுக்கிக் கட்டி, மாலை தொங்க விட்ட மாதிரி தொங்க விட்டிருக்கிறார்கள். உள்ளே தங்க மீன், கப்பி, மோலி, ஏஞ்சல். சண்டை போடும் ஃபைட்டர் மீனுக்கு மட்டும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான், நான் உட்பட!

கடைகள் முன்பக்கம்தான். சந்துக்குள் நுழைந்தால் வீட்டு முற்றத்திலும் மொட்டை மாடியிலும் சிமெண்டுத் தொட்டிகள். குஞ்சு பொரிக்க வைப்பதும் வளர்ப்பதும் பல குடும்பங்களுக்கு அங்கே பிழைப்பு. பெண்களின் உழைப்பு அதில் நிறைய. குஞ்சுகளைத் தரம் பிரிப்பது, எண்ணிப் பையில் போடுவது, தீனி வைப்பது என்று காலையில் வாசல் தெளிக்கும்போது தொடங்கும் வேலை இரவு வரை ஓயாது.

நான் கொளத்தூருக்குப் போனது வேடிக்கை பார்க்க மட்டும் அல்ல. என் தங்கை மகள் அம்பத்தூரில் இருக்கிறாள். கணவர் துபாயில் வேலை. அவர் போன தடவை லீவில் வந்தபோது நாலு வயதுப் பையனுக்காக இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கி வைத்துவிட்டுப் போனார். தினமும் ராத்திரி வீடியோவில் பேசும்போது, "அப்பா, கறுப்பு மீன் பாரு, சிவப்பு மீன் பாரு" என்று பையன் போனைத் தொட்டி அருகே கொண்டு போவான். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு பாலம் மாதிரி அது ஆகிவிட்டது.

மூன்று மாதத்தில் தொட்டி பச்சையாகிவிட்டது. கண்ணாடியில் வழுவழுப்பு, கல்லெல்லாம் நூல் நூலாகப் பாசி, தண்ணீரோ வெந்தயக்கீரை அலசிய தண்ணீர் மாதிரி. தெரு முனைக் கடையில் ஒரு மருந்துப் புட்டி வாங்கி ஊற்றினாள். இரண்டே நாளில் தண்ணீர் பளிச்சென்று ஆனது. ஆனால் மூன்றாம் நாள் காலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து கொண்டிருந்தன. இரண்டு செத்தே போயின. அடுத்த மாதம் பாசி மறுபடி வந்தது. "இந்தக் கண்றாவியைத் தூக்கிப் போடு, கொசுதான் சேரும்" என்று மாமியார் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பையன் சாப்பிட மாட்டேன் என்று அடம். "பெரியம்மா, நீங்களும் வாங்க. ஒரு தடவை கொளத்தூர்ல கேட்டுப் பார்த்துடலாம். அங்கேயும் வழி இல்லேன்னா எடுத்துடறேன்" என்று என்னை அழைத்துப் போனாள்.

சந்து ஒன்றின் கடைசியில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் மாடித் தொட்டிகளுக்குத் தீனி வைத்துக் கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷமாக இதே தொழிலாம். விஷயத்தைச் சொன்னதும், "மேல வாங்கம்மா, ஒண்ணு காட்டறேன்" என்று எங்களை மாடிக்குக் கூட்டிப் போனார்.

அங்கே ஒரு சிமெண்டுத் தொட்டி நிறையப் பச்சைத் தண்ணீர். எங்கள் வீட்டுத் தொட்டியைவிட இரண்டு மடங்கு பச்சை!

"இதை நாங்க வேணும்னே வளக்குறோம்மா. வெயில்ல வெச்சா தண்ணி பச்சையாவும். அந்தப் பச்சையைத் தின்னு சின்னப் பூச்சி வரும், அந்தப் பூச்சியைத் தின்னு மீன் குஞ்சு வளரும். எங்களுக்கு இது பால் மாதிரி. உங்க ஹால்ல வந்தா அழுக்குன்னு சொல்றீங்க" என்று சிரித்தார்.

நான் அசந்து போனேன். பாசி என்றால் வியாதி, விஷம் என்றுதானே நினைத்துக் கொண்டிருந்தோம்? அதுவும் ஒரு பயிர்தான். பயிருக்கு என்ன வேண்டும்? வெளிச்சம், தண்ணீர், உரம். நம் தொட்டியில் மூன்றும் தாராளம். மீன் கழிவும் தின்னாமல் கிடந்து மக்கும் தீனியும்தான் உரம். மருந்து ஊற்றினால் பாசி சாகும், ஆனால் அதை வளர்த்த வெளிச்சமும் உரமும் அப்படியே இருக்கும். பிறகு திரும்ப வராமல் என்ன செய்யும்? மீன் செத்ததன் காரணமும் அப்போது புரிந்தது. ஏகப்பட்ட பாசி ஒரே சமயத்தில் செத்து அழுகும்போது, தண்ணீரிலுள்ள பிராணவாயுவை அந்த அழுகல் இழுத்துக் கொள்கிறது. மீனுக்கு மூச்சு முட்டுகிறது. சில மருந்துகளில் செம்புச் சத்து உண்டு. இறாலுக்கும் நத்தைக்கும் அது எமன்.

"தொட்டி எங்க வெச்சிருக்கீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"கிழக்கு ஜன்னலோரம், அக்கா."

"லைட்டு?"

"காலைல போட்டா ராத்திரி படுக்கும்போதுதான் அணைப்போம்."

"தீனி யார் போடறது?"

என் தங்கை மகள் ஒரு நிமிஷம் யோசித்தாள். காலையில் இவள் போடுகிறாள். பள்ளியிலிருந்து வந்ததும் பையன் போடுகிறான். "பாவம், பட்டினி கிடக்குதே" என்று மாமியாரும் சாயங்காலம் ஒரு பிடி பொரி போடுகிறார். மூன்று பேரும் அன்பாகத்தான் போடுகிறார்கள். அந்த அன்பு முழுவதும் பாசிக்கு உரமாகப் போய்க் கொண்டிருக்கிறது!

"மீனோட வயிறு அதோட கண்ணு அளவுதான்னு வெச்சுக்கோங்க. ஒரு வேளை போதும். ரெண்டு நிமிஷத்துல தின்னு தீக்கணும். மிச்சம் கிடந்தா அது ஜாஸ்தி. வாரத்துல ஒரு நாள் பட்டினி போடுங்க, ஒண்ணும் ஆவாது" என்றார் அந்த அம்மாள்.

பிறகு அவர் சொன்னதுதான் எங்களுக்குப் புதுமையாக இருந்தது. "தொட்டியில பாசி கம்மியா இருக்கு, அதான் பாசி பிடிக்குது. ரெண்டு கட்டுப் பாசி வாங்கிட்டுப் போய் நடுங்க" என்றார். தங்கை மகள் திருதிருவென்று விழித்தாள். பாசியைப் போக்கப் பாசியா?

நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர். குளத்துப் படிக்கட்டில் வழுக்கி விழ வைக்கிறதே, அதுவும் பாசி. தண்ணீருக்குள் கொடியாக வளரும் வேலம்பாசியும் பாசி. முன்னது வேரும் இலையும் இல்லாத அற்ப உயிர். பின்னது வேர், தண்டு, இலை எல்லாம் உள்ள நீர்ச்செடி. இரண்டும் ஒரே சாப்பாட்டைத்தான் தேடுகின்றன. வேகமாக வளரும் செடிகள் நிறைய இருந்தால், தண்ணீரிலுள்ள உரத்தை அவை முதலில் சாப்பிட்டுவிடும். வழுக்குப் பாசிக்கு மிச்சம் இருக்காது. பந்திக்கு முந்தியவருக்கு வடை பாயசம், பிந்தியவருக்கு வெறும் இலை!

இது இன்று நேற்றுக் கண்ட விஷயமும் அல்ல. 1850-லேயே லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். 12 காலன், அதாவது சுமார் 54 லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு சிறிய தங்க மீன்களை விட்டு, வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியை நட்டார். முதலில் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு செடியின் பழைய இலைகள் அழுகின. தண்ணீர் கலங்கி, கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்தது. அவர் ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டு வந்து விட்டார். அழுகிய இலையையும் பாசியையும் அவை தின்னத் தொடங்கியதும் தண்ணீர் தெளிந்துவிட்டது. மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றுக்கொன்று துணை. எங்கள் இரண்டடித் தொட்டியும் கிட்டத்தட்ட அதே 54 லிட்டர்தான். வாரிங்டன் நட்ட வாலிஸ்னேரியாவும் கொளத்தூர்க் கடைகளில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. பார்க்க ரிப்பன் மாதிரி நீளமான இலை.

எல்லாப் பாசியும் ஒரே ஜாதி இல்லை என்பதையும் அந்த அம்மாள் தொட்டி தொட்டியாகக் காட்டினார். புதுத் தொட்டியில் பழுப்புத் தூள் மாதிரி படிவது முதல் சில வாரங்களுக்குத்தான். துடைத்துவிட்டால் போதும், நாளடைவில் தானே மறையும். கண்ணாடியில் பச்சைப் புள்ளியாக ஒட்டியிருப்பதைப் பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டி விடலாம். நூல் பாசியைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷில் சுற்றி, நூல்கண்டு சுற்றுவது போல இழுத்து எடுக்க வேண்டும். இலை ஓரத்தில் கறுப்புத் தாடி மாதிரி முளைத்தால் அந்த இலையையே நறுக்கி எறிந்து விடுவது உத்தமம். நீலப்பச்சையாக, பாலாடை மாதிரி உரிந்து வந்து கெட்ட வாடை அடித்தால் அது உண்மையில் பாசியே இல்லை, ஒரு வகை பாக்டீரியா. அதில் விஷமுள்ள வகைகளும் உண்டு. குழந்தைகளைத் தொட விடாமல் நாமே எடுத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

"பாசி திங்கற மீன் ஏதாவது குடுங்க அக்கா. டேங்க் கிளீனர்னு சொல்றாங்களே?" என்று தங்கை மகள் கேட்டாள்.

அந்த அம்மாள் ஒரு பெரிய தொட்டியைக் காட்டினார். அடியில் முரட்டுத் தோலும் புள்ளியுமாக, முழங்கை நீளத்துக்கு ஒன்று ஒட்டிக் கிடந்தது. "அதோ, அதான் டேங்க் கிளீனர். வாங்கும்போது விரல் நீட்டு. அப்புறம் ஒரு அடிக்கு மேல வளரும். உங்க ரெண்டடித் தொட்டியில எங்க திரும்பும்? அது போடற கழிவுலயே இன்னும் பாசி வரும்" என்றார். சின்னத் தொட்டிக்கு நத்தையும் இறாலுமே போதுமாம். நீர்ச்செடித் தொட்டியைத் தோட்டக் கலையாகவே வளர்த்தவர் ஜப்பானியரான தகாஷி அமானோ. 1954-ல் பிறந்து 2015-ல் மறைந்தார். அவரும் பாசிக்குச் சின்ன இறால்களைத்தான் நம்பினார். இன்று அந்த இறாலுக்கே அவர் பெயர். நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மோலி மீனும் பாசியைக் கொறிக்கும். ஆனால் எந்தப் பிராணியும் துணை ஆள்தான். வெளிச்சத்தையும் தீனியையும் குறைக்க வேண்டியது நாம்தான்.

திரும்பும் வழியில் ரெட்டேரிப் பக்கம் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். கொளத்தூரை ஒட்டிய பெரிய ஏரி அது. ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை மெத்தை விரித்தது போலக் கிடந்தது. தென் அமெரிக்காவில் பிறந்த செடி. பூ அழகாக இருக்கிறதே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். சாக்கடை கலக்கிற நீர்நிலையில் அதற்கு உரத்துக்கா பஞ்சம்? எங்கள் ஹால் தொட்டியில் நடந்த அதே சங்கதிதான் இங்கே ஏரி அளவுக்கு நடந்திருக்கிறது என்று தோன்றியது. டேங்க் கிளீனர் மீனும் அதே கதைதான். வளர்ந்த பிறகு வைத்துக்கொள்ள முடியாமல் ஏரியில் விட்டு விடுகிறார்கள். நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் அது பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக் கொண்டிருக்கிறது. வலை வீசுகிறவர்களுக்கு அதனால் நஷ்டம், அதன் முள்ளில் வலையும் கிழிகிறது. ஆகவே சகோதரிகளே, தொட்டியில் மிஞ்சிய மீனையோ செடியையோ ஒருநாளும் ஏரியிலோ கால்வாயிலோ விட வேண்டாம். மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்து விடலாம். செடியை வெயிலில் காயப் போட்டு எருக்குழியில் சேர்க்கலாம்.

வீட்டுக்கு வந்து காரியத்தில் இறங்கினோம். ஜன்னலோரத்திலிருந்து தொட்டியை உள்சுவர்ப் பக்கம் மாற்றினோம். மாற்றும் முன் தண்ணீரை இறைத்து விட வேண்டும். நிறைந்த தொட்டியைத் தூக்கினால் அடிக் கண்ணாடி விரிந்து விடும். மீன்கள் அதுவரை பழைய தண்ணீரோடு ஒரு பக்கெட்டில் இருந்தன. கொண்டு வந்த செடிகளைத் தரையில் முக்கால் பாகம் நிறைய நட்டோம். அப்படியும் தண்ணீர் பச்சை விடவில்லை. அந்த அம்மாள் சொன்னபடி, காற்று விடும் பம்பை ஓட விட்டு, தொட்டியைக் கனத்த போர்வையால் மூன்று நாள் மூடி வைத்தோம். விளக்கும் இல்லை, தீனியும் இல்லை. நாலாம் நாள் பாதித் தண்ணீரை மாற்றினோம்.

வீட்டு மனிதர்களை மாற்றுவதுதான் கஷ்டமாக இருக்கும் என்று பயந்தோம். மாமியாருக்குச் சனிக்கிழமை விரதம். "அத்தை, இனிமே மீனுங்களுக்கும் உங்களோட சனிக்கிழமை விரதம்" என்றாள் மருமகள். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போது தீனி டப்பாவுக்கு அவர்தான் பொறுப்பு. பையன் கேட்டால்கூட, "இன்னிக்கு ஆச்சு, நாளைக்குத்தான்" என்று சொல்லி விடுகிறார். ஆறாவது வாரம் நான் போனபோது கண்ணாடியில் அங்கங்கே ஒன்றிரண்டு பச்சைப் புள்ளி. தண்ணீர் தெளிவு. மோலி குட்டி போட்டிருந்தது. வாலிஸ்னேரியா இலைக்குள் ஒளிந்திருந்த குட்டிகளைப் பையன் அப்பாவுக்கு எண்ணிக் காட்டினான். ஏழு என்றான். துபாயிலிருந்து அவர், "இல்லடா, எட்டு" என்றார்.

உங்கள் வீட்டுத் தொட்டிக்கும் இதே முறையை வைத்துக் கொள்ளலாம். விளக்கு தினம் 6 மணி முதல் 7 மணி நேரம் போதும். டைமர் உள்ள பிளக் போட்டுவிட்டால் மறதிக்கு இடமில்லை. வாரம் ஒரு முறை நாலில் ஒரு பாகம் தண்ணீரை மாற்றுங்கள். அடியிலுள்ள கசடை ரப்பர்க் குழாயால் இழுத்து விடுங்கள். குழாயில் வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், முழுவதும் தண்ணீர் நிரப்பிக் கொண்டு தொடங்கினால் தானே வரும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் விடுங்கள், செடி செழிக்கும். புதிதாக விடுவது குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால் வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் பிடித்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலச வேண்டாம், இறைத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல கிருமிகள் அதில் குடியிருக்கின்றன.

நம் பாதுகாப்பும் முக்கியம். கையை விடும் முன் எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்து விடுங்கள். ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறும்படி இருந்தால், அதில் வழியும் நீர் பிளக்குக்குள் போகாமல் சொட்டி விடும். கையில் வெட்டுக் காயம் இருந்தால் தொட்டிக்குள் விடாதீர்கள். மீன் தொட்டித் தண்ணீரிலிருந்து ஆறாத தோல் புண் வரக்கூடும். கண்ணாடியைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவவே கூடாது.

கொளத்தூருக்குப் போகிறவர்கள் வெயில் ஏறும் முன் காலையிலேயே போய்விடுங்கள். கையோடு மூடியுள்ள ஒரு சின்ன பக்கெட்டும் பழைய துணிப் பையும் இருக்கட்டும். முதலில் செடியை வாங்கி நட்டு, இரண்டு வாரம் கழித்து மீன் வாங்குவது நல்லது. மீன் பையை வெயில் படாமல் கொண்டு வந்து, பிரிக்காமல் தொட்டித் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்க விட்டுப் பிறகு திறந்து விடுங்கள். கடைக்காரர்களிடம் கூசாமல் கேளுங்கள். மருந்துப் புட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விசாரித்து வாங்கி வாருங்கள்!